பேர் வெட்டிய தோசைக்கல்

என் மனைவி என்னைத் திட்டுவதை நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் கை முறிந்த அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அவள் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். காலையில் ஜீப் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஏறிக்கொண்டு, மலை ஏறிக் கேரளாவுக்குள் போய்க் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். அங்கே ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. தேனியில் ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். எலும்பு கூடிவிடும், பலம் வர நாளாகும் என்றார்கள்.

நான் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவன். மருந்தும் அடிப்பேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. கூடிப் பேசுகிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பந்தலுக்கு அடியில் நாள் முழுவதும் தலையை அண்ணாந்து கொடியைப் பார்த்துக்கொண்டே நிற்கிற வேலை எனக்குப் பொருந்திப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கொடி நம்மிடம் ஒன்றும் கேட்காது.

அவள் கை கட்டில் இருந்த நாட்களில் சமையல் என் பொறுப்புக்கு வந்தது. எங்கள் இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்டோம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுப்படி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். அங்கிருந்துகொண்டே அவள் என்னை வேலை வாங்கினாள்.

"கரண்டிய அப்படியா பிடிப்பாக? பந்தல்ல கொடி வெட்டப் போறீகளா, தோசை சுடப் போறீகளா?"

"தோசைதான்."

"இதுவா தோசை? கேரளா மேப்பு மாதிரில்ல இருக்கு."

அவள் சொன்னது சரிதான். ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் கடித்து எடுத்தாற்போல இருந்தது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த நாட்கள் ஒன்றும் மோசமில்லை.

கட்டுப் பிரித்த பிறகுதான் மோசமானது. கட்டுப் பிரித்துப் பத்து நாள் கழித்து, ஒரு காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவளே அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். எங்கள் தோசைக்கல் இரும்பு. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்தது, நல்ல கனம். கல்லை ஏற்றத் தெரு ஆளைக் கூப்பிட்டாளோ, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாளோ, எனக்குத் தெரியாது. மாவை ஊற்றித் தேய்த்தும் விட்டாள். புரட்ட வேண்டிய இடத்தில்தான் தப்பியது. பல நாள் என் கையில் கிடந்து பழக்கம் கெட்டுப்போன கல், தோசையை விடமாட்டேன் என்றது. தோசைத்திருப்பியை ஓரத்தில் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினால்தான் பெயரும். அந்தத் தள்ளு அவள் மணிக்கட்டில் இல்லை. இரண்டாவது தடவை தள்ளியபோது கை மடங்கி, திருப்பி கீழே விழுந்தது.

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். நான் கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றினேன். அன்றைக்கு நான் சுட்டது என் வாழ்நாளிலேயே மட்டமான தோசை. நடுவில் மாவு, ஓரத்தில் கரி.

"நல்லா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாமே நல்லா இருந்தது. உப்பில்லாத சாம்பாரும், குழைந்த சோறும். நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வேண்டுமென்றே கரண்டியைத் தப்பாகப் பிடித்துக்கூடப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்கள். ஒரு செம்பை வலது கையால் தூக்கி, பத்து எண்ணும் வரை வைத்திருக்க வேண்டும். முதலில் வெறும் செம்பு. பிறகு கால் செம்புத் தண்ணீர், அரைச் செம்பு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். செம்பின் கழுத்து வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் ஒரு உள்ளங்கைத் தண்ணீர் கூடினாலும் கை நடுங்கியது. கழுத்தோடு நின்றுவிட்டது அவள் பலம்.

அவளுடைய தங்கை அடுத்த தெருவில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என்னைக் கேலி செய்வதற்கென்றே கொழுந்தியாளாகப் பிறந்தவள். அன்றைக்கு அக்காளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மச்சான், அக்கா இப்படியே உக்காந்துருந்தா ஆளு ஒடஞ்சு போயிரும். ஒரு நான்ஸ்டிக் கல்லு வாங்கிக் குடுங்க. எங்க வீட்ல ஒரு விரலாலயே தோசையப் பொரட்டுறேன். தள்ளவும் வேணாம், சொரண்டவும் வேணாம்."

"எங்கன கெடைக்கும்?"

"ஏ ஆத்தா! கடையிலதான். கொடியிலயா காய்க்கும்?"

அடுத்த வாரம் எங்கள் கோயில் திருவிழா. சப்பரம் புறப்படுகிற சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்காரர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் முட்டையை உடைத்து ஊற்றி, வெந்ததும் வாயால் ஊதினார். முட்டை வழுக்கிக்கொண்டு தட்டில் போய் விழுந்தது. கூட்டம் கை தட்டியது. நான் அந்தக் கடையை மூன்று தடவை சுற்றி வந்தேன். நான்காவது தடவை அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, எது வேணும்?"

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. எத்தனை நாள் உழைக்கும், எப்படிக் கழுவ வேண்டும், உடம்புக்கு ஆகுமா. பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் என் வாயையே பார்ப்பதுபோல இருந்தது. சிவப்பு வெளிப்பக்கமும் கறுப்பு உள்பக்கமுமாக முன்னால் இருந்த ஒன்றைக் கையால் காட்டினேன். கையில் வாங்கியபோது காகிதம்போல லேசாக இருந்தது. அவள் கைக்கு ஏற்றது என்று சந்தோஷப்பட்டேன்.

இனிமேல் செய்ததுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் பாத்திரம் என்றால் அதில் பேர் இருக்க வேண்டும். கல்யாணம், கோயில் விருந்து, சாவு வீடு எல்லாவற்றுக்கும் பாத்திரங்கள் வீடு விட்டு வீடு போகும். பேர் வெட்டாத பாத்திரம் திரும்பி வராது. பெண்ணுக்குச் சீர் கொடுத்தால் கரண்டி வரைக்கும் அவள் பேர் ஏறியிருக்கும். நான்ஸ்டிக் கல்லை எவரும் கோயில் விருந்துக்குக் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேர் இல்லாமல் கொடுத்தால் பொருளை இரவலாகக் கொடுப்பதுபோல இருக்கும் என்று மட்டும்தான் தோன்றியது.

மறுநாள் உத்தமபாளையத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். பேர் வெட்டுகிறவர் ஒரு கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் பேனா மாதிரி ஒரு மிஷின், முனையில் ஊசி. கல்லை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"எங்கன வெட்டணும்? வெளியவா, உள்ளயா?"

வெளியே என்றால் அடுப்பில் கரி ஏறி மறைந்துவிடும். உள்ளே ஓரமாக இருந்தால் தோசை ஊற்றும்போதெல்லாம் அவள் கண்ணில் படும். உள்ளே என்று காட்டினேன்.

"கறுப்புல வெள்ள எழுத்து. நல்லா எடுக்கும்," என்றார். அவருக்கும் அது புதுசுபோல. ஆசையாக வெட்டினார். டிர்ரென்று மிஷின் ஓட ஓட, கறுப்பு உரிந்து உள்ளே இருந்த அலுமினியம் வெள்ளிக் கம்பிபோல மின்னியது. முதலெழுத்தோடு அவள் பேர். அதற்குக் கீழே கேட்காமலே ஒரு பூவும் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு அழகாக அவள் பேரை நான் எந்தப் பாத்திரத்திலும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அவள் மடியில் வைத்தேன். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"பூவெல்லாம் எதுக்கு?"

"அவராப் போட்டாரு."

"நீங்க சொல்லாமயா போட்டாரு?"

"நான் எங்க சொன்னேன். உள்ளன்னு காட்டுனதோட சரி."

"அதான பாத்தேன். நீங்க வாயத் தொறந்து பூப் போடச் சொல்லிட்டாலும்."

மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் கேலி அது. மறுநாள் காலையில் அவளே தோசை சுட்டாள். திருப்பியை இடது கையால் செருகி, வலது கையால் லேசாகத் தொட்டாள். தோசை தானே எழுந்து வந்ததுபோலப் புரண்டது. நாற்காலியை எடுத்து வெளியே துணி காயப்போடுகிற கம்பி பக்கம் போடச் சொன்னாள். அடுப்படியில் அது இடைஞ்சலாக இருக்கிறதாம். நான் தோட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

பாத்திரம் விளக்குவதை நான் விடவில்லை. வேலை முடிந்து வந்து, இருட்டின பிறகு கொல்லையில் உட்கார்ந்து கைத்தடவலாகத்தான் விளக்குவேன். தேய்க்கிற வேலைக்கு அவள் கை இன்னும் ஆகாது. அந்தக் கல்லை மட்டும் தனியாக எடுத்துவைத்துக் கம்பிநார் போட்டுத் தேய்ப்பேன். அதிலும் அவள் பேர் இருக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். எழுத்து மங்கக் கூடாது அல்லவா.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் மருந்தடிக்கப் போன இடத்தில் காற்று கிளம்பிவிட்டது. காற்றில் மருந்தடித்தால் முகத்துக்கே திரும்பும். சாயங்காலம் பார்ப்போம் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். எப்போதும் நான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகுதான் அவள் சாப்பிடுவாள். புதுக்கல் வந்த பிறகு அவள் காலையில் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இடது கை நகத்தால் தோசையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கறுப்புத் துணுக்குகள், கடுகு கடுகாக.

"என்ன புள்ள அது?"

"கடுகு."

"தோசையில ஏது கடுகு?"

"நேத்துத் தாளிச்சது, கரண்டியில ஒட்டிருந்துருக்கும்."

அவளுக்குப் பொய் வராது. நான் அடுப்படிக்குப் போய்க் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பூவைக் காணோம். பூ இருந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பே இல்லை. அவள் பேரின் முதலெழுத்திலிருந்து சுற்றிலும் பொக்குப் பொக்காக உரிந்துகொண்டு வந்திருந்தது. நகத்தால் தொட்டால் உதிர்ந்தது. கல்லின் நடுவும் குடைபோல லேசாக எழும்பியிருந்தது. என் தட்டில் ஒரு நாளும் ஒரு துணுக்கும் வந்ததில்லை. உரியாத பக்கத்தில் ஊற்றிச் சுட்டது எனக்கு, உரிந்த பக்கத்துத் தோசை அவளுக்கு. அப்படிப் பிரித்துப் பிரித்துச் சுட்டிருக்கிறாள்.

"எத்தன நாளா இப்படித் திங்கிற?"

"கொஞ்ச நாளாத்தான்."

"சொல்ல வேண்டியதுதான? தூக்கிப் போட்டுருக்கலாம்ல?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"தூக்கிப் போட்டா மறுபடி அந்த நாற்காலிதான எனக்கு? நீங்க சுட நான் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு இந்தக் கடுகத் தின்னுட்டுப் போறேன்."

நான் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவாத்து வெட்டுகிறவனுக்கு இது தெரியாமல் போனதே என்று இருந்தது. திராட்சையில் வெட்டுப்பட்ட இடத்தை அப்படியே விடமாட்டோம். மருந்துப் பசை தடவுவோம். தடவாமல் விட்டால் வெட்டின வாயிலிருந்துதான் கொடி காய ஆரம்பிக்கும். இதைச் செய்து செய்து கை காய்த்தவன், ஆசையாக அவள் பேரையே வெட்டாகப் போட்டு, வெட்டின வாயைத் தினமும் கம்பிநாரால் கீறியும் விட்டிருக்கிறேன்.

சாயங்காலம் கொழுந்தியாள் வந்தாள். கல்லைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மச்சான், நெசமாச் சொல்லுங்க. இத வாங்குனப்ப ஒங்களுக்குக் காய்ச்சல் ஏதும் அடிச்சுச்சா?"

"ஏன்?"

"நான்ஸ்டிக்குக்கு உசுரே அந்தக் கறுப்புத் தோலுதான். தோல உரிச்சா பேரு வெட்டுவாக? இவருக்கு அக்கா மேல அம்புட்டுப் பாசம்னா பச்ச குத்திக்க வேண்டியதான!"

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு போதாது. கறுப்பு உள்ளே போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கொழுந்தியாள் செல்போனில் எதையோ கேட்டாள். ஒருத்தர் புற்றுநோய் என்றார், ஒருத்தர் ஒன்றும் செய்யாது என்றார். மறுபடி போய், கையால் காட்டி ஒரு கல்லை வாங்கி வருகிற வேலை இனிமேல் ஆகாது என்று முடிவு செய்தேன். கேட்டு வாங்க வேண்டும், வாயைத் திறந்து.

சனிக்கிழமை தேனிக்குக் கிளம்பினேன். ஒரு மஞ்சள் பையில் அவள் பயிற்சி செய்கிற செம்பை எடுத்துக்கொண்டேன்.

"செம்பு எதுக்கு?" என்றாள்.

"வேல இருக்கு."

"பஞ்சாயத்துக்கா போறீக?"

தேனியில் அந்தக் கடை பெரிய கடை. கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு சுவர் முழுக்கத் தோசைக்கல்லாக மாட்டியிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்து, ஏதோ யோசிப்பதுபோல இட்லிச் சட்டிகள் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். கடையில் வேலை செய்கிற ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பைக்குள் இருந்த செம்பைப் பார்த்துவிட்டாள்.

"பழசு மாத்தணுமாண்ணே? எடைக்கு எடுத்துக்குவோம்."

"இல்ல. கல்லு வேணும். நான்ஸ்டிக்கு."

"இங்கன வாங்க. எப்படிப் பாக்கிறீக?"

கேட்க வேண்டியதை வரும்போதே பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தபோது நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"இதுல வெசம் இருக்கா?"

கடையே திரும்பிப் பார்த்தது. பில் போடுகிறவர் எட்டிப் பார்த்தார். என் காது சுட்டது. அப்படியே வெளியே போய்விடலாமா என்று இருந்தது. தட்டின் ஓரத்தில் வரிசையாக இருந்த கறுப்புத் துணுக்குகளை நினைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த டப்பா ஒன்றை எடுத்து நாலு பக்கமும் திருப்பினேன்.

"என்னண்ணே தேடுறீக?"

"முக்கோணம்."

"முக்கோணமா?"

"பூச்சிமருந்து டப்பால போட்டுருக்கும்ல. செவப்பு, மஞ்ச, நீலம், பச்ச. செவப்புன்னா ரொம்ப வெசம், பச்சன்னா கம்மி. எனக்கு இங்கிலீசு படிக்க வராது. முக்கோணம் பாத்துத்தான் எடுப்பேன்."

அவள் சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"மருந்தடிக்கிற வேலையாண்ணே? எங்க அப்பாவும் காமயகவுண்டன்பட்டில தெராட்சத் தோட்டத்துலதான் இருக்காக. அவுகளும் இப்படித்தான், எதயும் முக்கோணம் பாத்துத்தான் தொடுவாக."

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வந்தது. மணிக்கட்டு, தகடு, பேர் வெட்டியது, பூ, கம்பிநார், கடுகு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"அண்ணே, உள்ள போன துணுக்கு ஒடம்புல ஒட்டாது, அப்படியே வெளிய போயிரும்னுதான் சொல்றாக. அண்ணிய பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ஆனா உரிய ஆரம்பிச்ச கல்ல அப்புறம் அடுப்புல ஏத்தக் கூடாது. அதவிடப் பொகைதான் கெடுதி. வெறுங்கல்ல பெரிய தீயில வச்சுட்டு மறந்து போயிட்டா, காஞ்சு பொகை கெளம்பும். அத மோந்தா ஆகாது. மருந்து காத்துல திரும்பி அடிக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க."

"தீ?"

"நடுத் தீ போதும். மாவக் கையில வச்சுக்கிட்டுத்தான் அடுப்பப் பத்த வைக்கணும். இரும்புத் திருப்பி கூடாது, மரத்துல எடுங்க. சூடாருக்கயில பச்சத்தண்ணி ஊத்தக் கூடாது. ஆறுனதும் மெத்துன்னு துணியால இல்ல பஞ்சால கழுவுங்க. கம்பிநாரு பக்கத்துலயே வரக் கூடாது."

"அந்தக் கல்லு நடுவுல எந்திரிச்சுக்கிச்சே?"

சுவரிலிருந்து இரண்டு கல்லை எடுத்தாள். ஒன்றை விரலால் சுண்டினாள். தகர டப்பாபோல 'டங்' என்றது. மற்றொன்றைச் சுண்டினாள். 'தொம்' என்று அடங்கியது.

"நீங்க வாங்குனது இந்த டங்குதான். அடி மெலிசு. சூடு ஒரே எடத்துல ஏறி வளைஞ்சுக்கும், தோலும் சீக்கிரம் போகும். இந்தத் தொம்மு நாள்பட வரும். ஆனா ஒண்ணுண்ணே, எந்த நான்ஸ்டிக்கும் ஆயுசுக்கும் வராது. பதமா வச்சுக்கிட்டா சில வருசம். ஆயுசுக்கும் வேணும்னா இரும்புதான்."

வெள்ளைக் கோட்டிங் போட்ட கல் ஒன்றும் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். அது சூட்டுக்குப் பயப்படாது, ஆனால் சீக்கிரமே ஒட்ட ஆரம்பித்துவிடும் என்றாள். ஒட்டினால் தள்ள வேண்டும். தள்ளுவது எங்களுக்கு ஆகாது.

'தொம்' கல்லைக் கையில் வாங்கினேன். என் கைக்கு அது ஒன்றுமே இல்லை. என் மனைவி கைக்கு எப்படி என்று என் கையை வைத்து எப்படிச் சொல்வது? அதற்குத்தான் செம்பு.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

கடைப் பெண் தான் குடிக்கிற பாட்டிலைக் கொடுத்தாள். நான் குடிக்காமல் செம்பில் ஊற்றினேன். கழுத்து வரைக்கும் வந்ததும் நிறுத்தினேன்.

"அவளால இம்புட்டுத்தான் தூக்க முடியும். இதுக்கு மேல கை நடுங்குது. இந்தச் செம்பவிடக் கொறஞ்ச கல்லு வேணும்."

அவள் செம்பை இரண்டு கையாலும் தண்ணீர் தளும்பாமல் எடுத்துப் போய், எவர்சில்வர் நிறுக்கிற தராசில் வைத்தாள். அதை இறக்கிவிட்டு 'தொம்' கல்லை வைத்தாள். செம்பைவிடக் கூட. 'டங்' கல்லை வைத்தாள். செம்பில் பாதிகூட இல்லை. மறுபடி 'தொம்'மில் கொஞ்சம் சிறியதை எடுத்து வைத்தாள். அதுவும் கூட. இப்போது பில் போடுகிறவரும் இறங்கி வந்துவிட்டார். ஒரு குடும்பம், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்த குழந்தையோடு, பக்கத்திலேயே நின்று பார்த்தது. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தராசைத்தான் பார்த்தேன்.

"அண்ணே, ஒண்ணு இருக்கு. ஆனா ரொம்பச் சின்னது. ஊத்தப்பத்துக்கு எடுப்பாக."

கொண்டு வந்து வைத்தாள். அடி கனம், சுண்டினால் 'தொம்'. அகலம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கும் கம்மி. செம்பைவிட ஒரு நூல் குறைவாகக் காட்டியது.

"இதுதான்," என்றேன்.

அடிப்பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நடுவில் இடைவெளி இல்லாமல் சமமாக இருப்பதைக் காட்டினாள். கைப்பிடியை ஆட்டிக் காட்டினாள், ஆடவில்லை. டப்பாவில் போட்டுக்கொண்டே வழக்கம்போலக் கேட்டாள்.

"பேரு வெட்டணுமாண்ணே? வாசல்ல ஆளு இருக்காரு."

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். இந்தத் தடவை கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மரத்திருப்பி கடையிலும் இருந்தது. வாங்கவில்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு கொய்யா மரத்தைக் கழித்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கிளையை எடுத்து வந்து இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செதுக்கினேன். முனையைத் தோசைக்கு அடியில் போகிற மாதிரி மெலிசாக்கி, சிராய் இல்லாமல் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவினேன். பிடியை அவள் கைக்கு மெத்தென்று இருக்கும்படி கொஞ்சம் பருமனாகவே விட்டேன். பிடியில் கத்தி முனையால் அவள் பேரை வெட்டினேன். அங்கே வெட்டினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பூ போட எனக்கு வரவில்லை. ஒரு திராட்சை இலை போட்டேன்.

புதுக்கல்லில் முதல் தோசை சுட்ட அன்றைக்குக் கொழுந்தியாளும் வந்திருந்தாள். அவள் இடது கையில் மாவுக் கரண்டி வந்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். அவள் வலது கையால் கல்லைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். கை நடுங்கவில்லை. நான் மனதுக்குள் பத்து எண்ணினேன்.

"என்னக்கா இது," என்றாள் கொழுந்தியாள், "தோசையா, அப்பளமா?"

"ஒம் மச்சான் அளந்து வாங்கிட்டு வந்தாக. செம்பக் கொண்டு போயி எட போட்டாகளாம். தேனியே சிரிச்சுச்சாம்."

"யாரு, மச்சானா? கடையில வாயத் தொறந்தாகளா?"

"வெசம் இருக்கான்னு கத்துனாகளாம்டி!"

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் என் தோசையைத் தின்றேன். சிறியதுதான். ஓரம் முறுகி, நடுவில் பூத்து, நன்றாக இருந்தது. அவள் தனக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நான் எழுந்து போனேன்.

"ஒந் தட்டக் காட்டு."

"என்னத்தக் காட்ட? வாத்தியாரா நீங்க?"

"காட்டு புள்ள."

தட்டை நீட்டினாள். தோசையைப் புரட்டிப் போட்டுக் காட்டினாள். இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. கறுப்பாக ஒன்றும் இல்லை. அது முதல் தினமும் அவள் சாப்பிட்ட பிறகுதான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன். ஜீப்பில் வருகிற பெண்களும் பேர் வெட்டிய கல்லின் கதையைக் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், என்னைக் கண்டால் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்கிறார்கள். பழைய கல்லை ரோஜாத் தொட்டிக்கு அடியில் தட்டாக வைத்திருக்கிறாள். தண்ணீர் ஊற்றும்போது பேரில் மிச்சமுள்ள கடைசி இரண்டு எழுத்து தெரியும்.

போன வாரம் மூத்த மகள் குடும்பத்தோடு வந்தாள். ஆறு பேருக்குச் சின்னக் கல்லில் தோசை. என் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வர மணி பதினொன்று ஆனது. வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"உள்ளங்கையளவு கல்ல வாங்கிக் குடுத்துட்டு நல்லா உக்காந்து திங்கிறீக. எத்தன ஊத்த? எத்தன பொரட்ட? அடுத்து ஒரு பெரிய கல்லு எடுக்கணும்."

"சரி, தேனிக்குப் போறப்ப..."

"நீங்க ஒண்ணும் செம்பத் தூக்கிட்டுப் போக வேணாம். நானே வாரேன். நானே தூக்கிப் பாத்து எடுக்கிறேன்."